ட்ரிகர் ஃபிங்கர் ஏன் வருகிறது? ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

காலையில் மோதிர விரல் மடங்கியபடியே நிற்கிறது, மறுகையால் இழுத்தால் டக்கென்று நிமிர்கிறது, நடுக்கணுவில் தைலம் தேய்த்தும் வலி குறையவில்லை, ஆபரேஷன்தான் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ப்ளவுஸ் தைக்கிற எனக்கும் வலது கை மோதிர விரலில் இதேதான் வந்தது. ஊசியும் போட்டுக்கொண்டேன், ஆபரேஷனும் செய்துகொண்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நடுக்கணுவை விட்டுவிடுங்கள். வலி தெரிவது அங்கே, கோளாறு இருப்பது உள்ளங்கையில். மோதிர விரலுக்கு நேர் கீழே, உள்ளங்கையின் மேல் ரேகை ஓடும் இடத்தை மறுகைக் கட்டைவிரலால் அழுத்தியபடி விரலை மடக்கி நீட்டிப் பாருங்கள். சுருக்கென்று வலித்து, பட்டாணி அளவிலோ அதைவிடச் சிறிதாகவோ ஓர் உருண்டை தோலுக்கடியில் நகர்ந்தால், பெரும்பாலும் இது ட்ரிகர் ஃபிங்கர்தான். இதற்கு எக்ஸ்ரே பொதுவாகத் தேவைப்படாது. என் டாக்டரும் இப்படி அழுத்திப் பார்த்துத்தான் சொன்னார்.

உள்ளே நடப்பது இதுதான். விரலை மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது. அதிலிருந்து வரும் தசைநாண் உள்ளங்கை வழியாக விரல் நுனிவரை ஓடுகிறது. மடக்கும்போது அது எலும்பை விட்டு விலகாமலிருக்க வழியில் வளையம் வளையமாகப் பட்டைகள் பிடித்திருக்கின்றன. விரல் அடியில் இருக்கும் முதல் வளையம் தடித்துவிடும், நாணும் அந்த இடத்தில் வீங்கும். பாவாடை நாடாவில் முடிச்சு விழுந்தால் மடிப்புக்குள் போகாமல் திணறுமே, அதே கதை. மடக்கும் தசைக்கு வலு அதிகம் என்பதால் முடிச்சை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். நீட்டும் தசைக்கு அவ்வளவு வலு இல்லை. அதனால்தான் விரல் மடங்கிய நிலையில் மாட்டிக்கொள்கிறது. இரவு முழுக்க அசையாமல் கிடந்த கையில் வீக்கம் தேங்குவதால் காலையில் மோசமாக இருக்கும். வேலை செய்யச் செய்யக் கொஞ்சம் இளகும்.

ஏன் வருகிறது என்றால், எல்லோரும் முதலில் வேலையைத்தான் சொல்வார்கள். கத்தரிக்கோல், ஸ்குரூ டிரைவர், துணி பிழிவது என்று இறுக்கிப் பிடிக்கும் வேலைகளுக்கு இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கத்தரிக்கோலே பிடிக்காதவர்களுக்கும் இது வருகிறது. நடு வயதைத் தாண்டிய பெண்களுக்கு அதிகம். தைராய்டு குறைவு, முடக்குவாதம் இருந்தாலும் வரலாம். இவை எல்லாவற்றையும்விட நீங்கள் கவனிக்கவேண்டியது சர்க்கரை. பொதுவாக 100 பேரில் 2, 3 பேருக்கு வாழ்நாளில் இது வரும் என்றால், சர்க்கரை நோயாளிகள் 100 பேரில் 10 பேருக்கு வரை வரும் என்கிறார்கள். பல ஆண்டு சர்க்கரை நாணையும் வளையத்தையும் விறைப்பாக்கிவிடுகிறது. சில சமயம் இரண்டு மூன்று விரல்களில், இரண்டு கையிலும்கூட வரும். "விரலுக்கும் சுகருக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நானும் டாக்டரிடம் கேட்டேன். "ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டைக் காட்டுங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்றார். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அது. நீங்கள் இதுவரை சர்க்கரை பார்த்ததில்லை என்றால், விரலைக் காட்டப் போகும்போதே அதையும் பார்த்துவிடுங்கள்.

என் மாமியார் சுளுக்கு என்று முடிவுகட்டி, சுளுக்கு வழிக்கிற பாட்டியை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார். நல்ல மனுஷி. ஆனால் நீவுவதாலோ சொடக்கு எடுப்பதாலோ தடித்த வளையம் இளகாது. மாட்டிய விரலை வெடுக்கென்று இழுத்தால் வீக்கம் கூடும். ஸ்பாஞ்சு பந்தை அமுக்கச் சொல்லும் வீடியோக்களும் வேண்டாம். இறுக்கிப் பிடிப்பதுதானே சிக்கலே. வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து மெதுவாக மடக்கி நீட்டுவது காலை நேரத்துக்கு நல்லது.

லேசாக இருக்கும்போது ஓய்வு, சில நாள் வலி மாத்திரை (சிறுநீரகம், வயிற்றுப்புண் தொல்லை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்), இரவில் விரல் மடங்காமல் பிடித்திருக்கும் ஸ்ப்ளின்ட் ஆகியவற்றோடு பலருக்கு அடங்கிவிடும். ஸ்ப்ளின்டைச் சில வாரம் விடாமல் போடவேண்டும். இரண்டு நாள் போட்டுவிட்டுப் பலனில்லை என்று கழற்றக்கூடாது.

அடுத்தது ஸ்டீராய்டு ஊசி. வளையம் இருக்கும் இடத்திலேயே போடுவார்கள். போடும்போது கண்ணில் நீர் வரும், பொய் சொல்லமாட்டேன். பலன் தெரியச் சில நாளிலிருந்து சில வாரம்வரை ஆகலாம். என்னோடு தைக்கிற அக்காவுக்குச் சர்க்கரை கிடையாது, ஒரே ஊசியோடு அவர் தொல்லை தீர்ந்தது. எனக்குச் சில மாதம் நன்றாக இருந்து மறுபடி மாட்டியது. சர்க்கரை உள்ளவர்களிடம் இந்த ஊசி கொஞ்சம் குறைவாகத்தான் கேட்கும். போட்ட பிறகு சில நாள் ரத்தச் சர்க்கரையும் ஏறும், அதனால் அந்த நாள்களில் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரே விரலில் இரண்டு மூன்று ஊசிக்கு மேல் பொதுவாகப் போவதில்லை.

ஆபரேஷன் என்றதும் பயப்படாதீர்கள். உள்ளங்கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குக் கீறி, அந்த முதல் வளையத்தை நீளவாக்கில் வெட்டிவிடுவார்கள். கால் மணி நேர வேலை. நமக்கு நினைவு இருக்கும். மேசையில் படுத்திருக்கும்போதே "மடக்கி நீட்டுங்கம்மா" என்றார், விரல் மாட்டாமல் போய்வந்தது. வளையத்தை வெட்டினால் பிடி போய்விடாதா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. மேலே உள்ள மற்ற வளையங்கள் நாணைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் பொதுவாக எதுவும் ஆகாது. அன்றே விரலை அசைக்கச் சொல்வார்கள், வலிக்குப் பயந்து அசைக்காமல் விட்டால் விறைத்துவிடும். தையலை 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். தழும்பு சில மாதம் உறுத்தும். கத்தரிக்கோல் பிடியில் துணி சுற்றித்தான் நான் வெட்டினேன். அரிதாகக் கிருமித் தொற்று, நரம்பில் காயம் ஏற்படலாம். கட்டைவிரலில் நரம்பு வெகு அருகில் ஓடுவதால் அங்கே கூடுதல் கவனம் தேவை.

சின்னக் குழந்தைகளுக்குக் கட்டைவிரல் இப்படி மடங்கி நிற்பதுண்டு. பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகும் என்பதால் அதில் அவசரம் காட்டமாட்டார்கள்.

இன்னொன்று: விரல் முழுக்கச் சிவந்து வீங்கி, நீட்டவே முடியாத வலியும் காய்ச்சலும் இருந்தால் அது இந்தக் கோளாறு இல்லை, நாண் உறையில் சீழ் பிடித்திருக்கலாம். யாராக இருந்தாலும், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும். உங்கள் விரல் அப்படி இல்லை என்றால், எலும்பு மூட்டு டாக்டரிடம் இந்த வாரமே ஒரு முறை காட்டுங்கள், ஊசியா ஸ்ப்ளின்டா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.