இருபத்தியொரு பழக்கங்களும் ஒரு படித்துறையும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வயது 52. பாளையங்கோட்டையில் இருக்கிறேன், அரசு வேலை. அப்பா 61-இல் நெஞ்சுவலியில் போனார். அந்தப் பயத்தில் பொங்கலன்று ஒரு தாளில் 21 பழக்கங்களை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். நாலரைக்கு எழுவது, பத்தாயிரம் அடி நடப்பது, சீனிக்குப் பதில் கருப்பட்டி (தினம் நாலு டம்ளர் காப்பி), தியானம் என்று. மூன்றாவது வாரம் எல்லாம் நின்றுவிட்டது. சின்ன வயதில் நானும் ஒரு சேக்காளியும் குறுக்குத்துறைக்கு சைக்கிளில் போய் ஆற்றில் குளிப்போம். இன்று அவன் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான், பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த 21-இல் எதை விடாமல் பிடிப்பது?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தத் தாளில் இல்லாத ஒன்று. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்த்துக்கொண்டீர்களா? அப்பாவை அப்படி இழந்தவர் செய்ய வேண்டிய முதல் காரியம் அதுதான். பிரஷர் ஏறியிருந்தாலும் பலருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. தலைவலியோ கிறுகிறுப்போ வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். இந்த வாரமே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். டாக்டரிடம் அப்பா போன வயதையும் சொல்லுங்கள்.

பத்தாயிரம் அடி என்பது மருத்துவர்கள் அளந்து சொன்ன கணக்கு இல்லை. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள், அந்த எண் உலகமெல்லாம் பரவிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம், கொஞ்சம் மூச்சு வாங்கும்படியான நடை. அரைமணி வீதம் ஐந்து நாள் போதும். 6,000 அடியோடு வீடு திரும்பிய நாளுக்காக மனம் தளராதீர்கள்.

சேரன்மகாதேவியில் என் பெரியம்மா 91 வயது வரை இருந்தாள். விடியுமுன் ஆற்றுக்குப் போவாள். கையில் பித்தளைச் செம்பு, தோளில் துவைக்கிற சேலை. படித்துறையில் இறங்கும்போது பாசி பிடித்த படியைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காலை முழுக்க வைப்பாள். குத்தவைத்துத் துவைத்துவிட்டு, கை ஊன்றாமல் எழுந்துவிடுவாள். எண்பதுக்குப் பிறகு ஒரு கையை முழங்காலில் கொடுத்தாள், அவ்வளவுதான். விழாமல் இருக்க முதியவர்கள் வாரம் மூன்று நாளாவது கால்பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்யவேண்டும் என்கிறார்கள் இன்று. அவளுக்கு அது துணி துவைப்பதிலேயே முடிந்தது.

வீட்டில் மோட்டார் போட்டுக் குளியலறை கட்டிய பிறகும் அவள் நிற்கவில்லை. "இங்கயே குளிக்கலாம்லா பெரியம்மா" என்றேன். "நான் போவலேன்னா எதுத்த வீட்டுக்காரி தேடி வந்துருவா. அவ வரலேன்னா நான் போய்ப் பாப்பேன்" என்றாள்.

அந்தப் பழக்கத்தில் பாதியை அவள் தாங்கினாள், மீதியை எதிர்வீடு தாங்கியது. உங்கள் தாளில் 21 வரி இருந்தும் ஒன்றில்கூட இன்னோர் ஆள் இல்லை. ஹார்வர்டில் 1938-இல் தொடங்கி எண்பது வருஷத்துக்கு மேலாக ஒரே மனிதர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்கள்தான் எண்பதில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். உங்களுக்கு 52.

அந்தக் காலத்தில் எல்லாரும் திடமாக இருந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. பெரியம்மாவோடு பிறந்த இரண்டு பேர் நாற்பதைத் தாண்டவில்லை. அவளும் பிரஷர் மாத்திரை சாப்பிட்டவள்தான். அட்டையைத் திருநீற்று மரவைக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். திருநீறு பூசாமல் காப்பி குடிக்கமாட்டாள், அதனால் மாத்திரை மறந்ததே இல்லை.

சாப்பாட்டில் சிலதுதான். கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். உடன்குடிக் கருப்பட்டியின் மணம் எனக்கும் உயிர், ஆனாலும் நாலு டம்ளர் ஆகாது. தோல் உளுந்து போட்ட உளுத்தம்பருப்புச் சோற்றையும் எள்ளுத் துவையலையும் விட்டுவிடாதீர்கள். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. ராத்திரி பத்தரைக்குப் புரோட்டா சால்னா வேண்டவே வேண்டாம். சிகரெட் பற்றி நீங்கள் எழுதவில்லை. அந்தப் பழக்கம் இருந்தால், நான் சொன்ன மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அதை நிறுத்துங்கள்.

அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். இன்று ராத்திரி உங்கள் சேக்காளிக்கு போன் போடுங்கள். மூன்று வருஷத்துக்கு விளக்கமெல்லாம் சொல்லவேண்டாம். 'காலையில் ஆறு மணிக்கு உன் வீட்டு வாசலில் நிற்பேன், வ.உ.சி. மைதானத்துக்குப் போவோம்' என்று சொன்னால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு குறுக்குத்துறைக்குப் போங்கள். ஆற்றில் தண்ணீர் எப்படிக் கிடக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி