டச்சுக் கால்வாய்க் காட்சியை வாட்டர்கலரில் வரைந்தால் தண்ணீர் ஏன் வானத்தோடு சேர்வதில்லை?

வானம் நன்றாக வந்தும் கால்வாய் மட்டும் நீல ரிப்பன் ஒட்டியது போல இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீருக்கென்று தனியாக நீலம் கலப்பதுதான் பெரும்பாலும் காரணம். வானத்துக்குக் கலந்ததையே தட்டில் மிச்சம் வையுங்கள். கொஞ்சம் கெட்டியாக்கி அதையே கால்வாய்க்கும் போடுங்கள்.

கடற்காட்சிகளுக்குப் பெயர்போன டச்சு ஓவியர் யோங்கிண்ட் (1819–1891) கால்வாய்களையும் வாட்டர்கலரில் நிறைய வரைந்தார். பென்சில் கோட்டை மறைக்க மாட்டார், தாளின் வெள்ளையையும் தாராளமாக விட்டுவைப்பார். அந்தச் சிக்கனம் முதலில் பழக வேண்டியது.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) காட்டன் பேப்பர் எடுங்கள். அடிவானம் கீழிருந்து கால் பாகத்தில் இருக்கட்டும், நெதர்லாந்தின் தட்டை நிலத்துக்கு அதுதான் பொருந்தும். மேகத்தின் வெயில் படும் ஓரத்தை மட்டும் உலர்வாக விட்டு மற்ற வானத்தை நனையுங்கள். மேகத்தின் அடிக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும், அடிவானத்துக்கு நீர்த்த யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள். தாளின் மினுமினுப்பு போய் ஈரம் மட்டும் மிஞ்சியதும் கையை எடுத்துவிடுங்கள். அப்போது ஈரமான பிரஷ் பட்டால், அதிலுள்ள தண்ணீர் நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிக் காலிஃபிளவர் மாதிரித் திட்டு விழும்.

வானம் காய்ந்தபின் தண்ணீர். தூரத்தில் அடிவானத்தின் வெளிச்சம், நம் பக்கம் வர வர உச்சிவானத்தின் அடர்த்தி. தண்ணீரில் தெரியும் கறுத்த படகின் பிம்பம் படகைவிடச் சற்று வெளிறியும், வெள்ளைப் பாயினுடையது சற்று மங்கியும் இருக்கும். கரையிலிருந்து தள்ளி நிற்கும் காற்றாலையை முழுசாகத் தண்ணீரில் கவிழ்த்து வைக்காதீர்கள். அதன் அடிப்பகுதியைக் கரைமேடு மறைத்துவிடும்.

படகு ட்யால்க் (பழைய டச்சுச் சரக்குப் பாய்மரப் படகு) வகை என்றால் பக்கவாட்டில் தொங்கும் பலகையை விடக்கூடாது. தட்டையான அடிப்பகுதி, ஆழமான கீல் (அடியில் நீளவாக்கில் நீட்டியிருக்கும் கட்டை) கிடையாது. காற்றில் பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அந்தப் பலகைதான் துணை. பல இடங்களில் கால்வாய் நீர்மட்டம் பக்கத்து மேய்ச்சல் நிலத்தைவிட உயரம். அதனால் புல்வெளிக்கு மேலே பாய் மட்டும் நகர்வதுபோல் வரைந்தால் தப்பில்லை, அதுதான் நிஜம்!

காற்றையும் ஒருமுறை சரிபாருங்கள். ஓடும் காற்றாலையின் முகம் காற்று வரும் பக்கம் இருக்கும். அது இடப்பக்கம் பார்த்திருக்க, படகின் பாயும் இடப்பக்கமே புடைத்திருந்தால் கடல் ஓவியங்களைப் பார்த்துப் பழகியவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். கயிறுகளைக் கடைசியில், எல்லாம் காய்ந்தபின் ரிகர் பிரஷ்ஷால் (நீண்ட மெல்லிய முடியுள்ள பிரஷ்) போடுங்கள்; மூன்று நான்கு போதும்.