ஒரு மனுசனுக்கு மூண்டு வருத்தமா?

கேள்வி: என்ர மனுசனுக்கு இரவில நித்திரை இல்லை, பின்னேரமானா சாராயம். போன மாசம் கலியாண வீட்டில சீனவெடி கொளுத்த, கதிரைக்குக் கீழ போய்க் குந்தியிட்டார். பிள்ளை பாத்துச் சிரிச்சுது. கிளினிக்கில மனவடு (முந்திப் பட்ட பயங்கரம் மனசில நிண்டு வாட்டுறது), மனச்சோர்வு, குடி எண்டு மூண்டு சொல்லுகினம். டொக்டர் பிழை விட்டிட்டாரோ? மாமி செய்வினை எண்டுறா.
- ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்: தங்கச்சி, அந்தக் கதிரைக் கதையை வாசிச்சிட்டு கனநேரம் பேசாமல் இருந்தனான். டொக்டர் பிழை விடேல்லை அம்மா. மனவருத்தம் அநேகமா தனிய வாறேல்லை. அமெரிக்காவில 1990-92 இல கெஸ்லர் எண்ட ஆராய்ச்சியாளரும் அவரோட சேர்ந்தாக்களும் எடுத்த பெரிய கணக்கெடுப்பில, ஆக்களுக்கு வாழ்நாளில வந்த மனவருத்தங்களில பாதிக்கு மேல, மூண்டோ அதுக்கு மேலயோ வந்த 14 வீதமான ஆக்களிட்டத்தான் கிடந்தது, வருமானமும் படிப்பும் குறையக் குறைய வருத்தமும் கூடிச்சுது. எங்கட யாழ்ப்பாணத்தில 2009 இல, சண்டை முடிஞ்ச கையோட எடுத்த ஆய்வில பதகளிப்பு (விடாத பயமும் பதட்டமும்) 32.6 வீதம், மனச்சோர்வு 22.2, மனவடு 7 வீதம். இதுகளைக் கூட்டிப் பாக்காதேங்கோ, ஒரே ஆள் ரெண்டு மூண்டு கணக்கிலயும் நிண்டிருக்கலாம். அப்பவும் இடம்பெயர்ந்து இருந்தாக்களுக்குத்தான் கூட.

உங்கட வீட்டில நடக்கிறதும் இதுதான். சத்தம் கேட்டா பயம், பயத்தில நித்திரை வராது, நித்திரைக்கெண்டு சாராயம், அது ரெண்டு மூண்டு மணித்தியாலம் அமத்திப்போட்டு விடியப்புறம் நெஞ்சு படபடக்க எழுப்பிவிடும், பேந்து நாள் முழுக்க ஒண்டிலயும் மனமில்லை, சொந்தக்காரரிட்டப் போக வெக்கம், வீட்டுக்குள்ளயே கிடந்தா இன்னும் குடி. குடியை விட்டிட்டு வா பேந்து மற்றதைப் பாப்பம் எண்டு ஆரும் சொன்னா ஏற்காதேங்கோ, மூண்டையும் சேர்த்துத்தான் பாக்கவேணும்.

ஒண்டு முக்கியம். நேர்த்தி வைச்சு ஒரே நாளில குடியை நிப்பாட்டப் பண்ணாதேங்கோ, ஒவ்வொரு நாளும் கனக்கக் குடிச்ச ஆளுக்கு வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டொக்டர் சொல்லுற மாதிரித்தான் குறைக்கவேணும். மாமி நூல் கட்டட்டும், அதுக்காகச் சண்டை பிடிக்காதேங்கோ, குளிசை மட்டும் நிக்கக்கூடாது. சாகோணும் போல கிடக்கெண்டு அவர் வாய் விட்டா, அண்டைக்கே ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, தனிய விடாதேங்கோ. கதைக்க ஆளில்லாட்டி 1926 எண்ட மனநல உதவித் தொலைபேசிக்கு எந்த நேரமும் அடிக்கலாம்.

அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கோ. எத்தினை மணிக்கு முழிக்கிறார், எவ்வளவு குடிக்கிறார், கதிரைக்குக் கீழ குந்தினது எல்லாத்தையும் அவர் இருக்கேக்கையே சொல்லுங்கோ. பிள்ளையையும் மடியில இருத்தி, அப்பா பயந்தது பகிடிக்கில்லை, முந்திக் கேட்ட சத்தம் அவருக்கு ஞாபகம் வந்திட்டுது எண்டு சொல்லிவிடுங்கோ.