மைனர் லீக் பேஸ்பால் எப்படித் தொடங்கியது?

அமெரிக்க பேஸ்பாலில் உச்ச மட்டத்துக்கு அடுத்த படியில் நடக்கும் தொழில்முறைப் போட்டித்தொடர்தான் மைனர் லீக். அதன் முன்னோடி, 1883-ல் முதல் சீசன் ஆடிய நார்த்வெஸ்டர்ன் லீக். டொலீடோ, பியோரியா, ஃபோர்ட் வேய்ன் உட்பட 8 ஊர் அணிகள், முதலிடம் டொலீடோவுக்கு.

சிற்றூர் அணி வளர்த்த வீரரைப் பெரிய அணி கூடுதல் சம்பளம் காட்டி இழுத்துக்கொள்வதுதான் அன்றைய தலைவலி. அதனால் அதே ஆண்டு அன்றைய பெரிய லீக்குகளான நேஷனல் லீக், அமெரிக்கன் அசோசியேஷன் இரண்டும் நார்த்வெஸ்டர்ன் லீக்குடன் முத்தரப்பு ஒப்பந்தம் போட்டன. ஒரே தெருவின் டீக்கடைக்காரர்கள் ‘உன் மாஸ்டரை நான் கூப்பிட மாட்டேன்’ என்று பேசிக்கொள்வது போலத்தான். ஒவ்வோர் அணியும் 11 பேரை அடுத்த சீசனுக்கும் தக்கவைக்கலாம். அணிகளுக்குப் பாதுகாப்பு, வீரருக்கோ பேரம் பேச வழியே இல்லை, இது அநியாயம்தான்.

1884-ல் 12 அணிகளாகப் பெருத்த நார்த்வெஸ்டர்ன் லீக், சீசன் முடியுமுன்பே சிதறியது.

மைனர் லீக் அணிகள் தொடக்கம் முதலே பெரிய அணிகளின் பயிற்சிக் கிளைகள் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று அவை சொந்தக்காலில் நின்றவை, கிளை முறை 1920-களில்தான் வேரூன்றியது.