வேலூருக்குச் சென்னை வாடகைப்படி கிடைக்குமா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். 19 வருட சர்வீஸ். இப்போது அருணாசலப் பிரதேசத்தில் ஃபீல்டில், அதாவது குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாத களப்பணியில் இருக்கிறார். நானும் இரண்டு பிள்ளைகளும் காட்பாடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அவருடைய அடிப்படைச் சம்பளம் 39,200 ரூபாய். வாடகைப்படி 3,920 வருகிறது. நாங்கள் கொடுக்கும் வாடகை 9,500. அடுத்த மாதம் முதல் 13,000 கொடுங்கள், இல்லையென்றால் காலி பண்ணுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். 50,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்தில் எதுவும் இல்லை. இவருடைய பேட்ச்மேட் குடும்பம் சென்னையில் இருப்பதால் அதே ரேங்குக்கு 11,760 வாங்குகிறார்கள். இது என்ன நியாயம்? வேலூருக்கும் சென்னை வீதம் கேட்டு ஹைகோர்ட்டில் பொதுநல வழக்குப் போடலாமா? என் கொழுந்தனார், பல்லாவரத்தில் உள்ள அவருடைய சித்தி வீட்டில் நாங்கள் குடியிருப்பதாக ஒப்பந்தம் தயார் செய்துவிட்டார். "எல்லாரும் செய்றதுதான் அண்ணி" என்கிறார். முகவரி மாற்றும் ஃபாரத்தைக் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.
— வேலூர் மாவட்ட வாசகி

பதில்: அம்மா, நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். எல்லையில் நிற்பவர் குடும்பம் வாடகைக்குத் திண்டாடலாமா என்று கேட்டிருப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதை வைத்து எந்த நீதிபதியும் உத்தரவு எழுத முடியாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வரி ஒன்றுதான்: "இன்னும் கையெழுத்துப் போடவில்லை." போட வேண்டாம் என்று முதலில் அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டு மீதியைப் படியுங்கள்.

வழக்குப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். ஃபீல்டில் இருப்பவருக்கு, குடும்பம் வசிப்பதாக அவர் யூனிட்டில் அறிவித்த ஊர் எந்தப் பிரிவில் வருகிறதோ அந்த வீதத்தில்தான் படி. 50 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரம் எக்ஸ், 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை ஒய், மற்றதெல்லாம் இசட். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரியிலிருந்து இந்த வீதங்கள் 30, 20, 10 சதவீதம். தமிழ்நாட்டில் எக்ஸ் சென்னை மட்டும்தான். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு ஆகியவை ஒய். 2011 கணக்கெடுப்பில் வேலூர் 5 லட்சத்தைத் தொடவில்லை, அதனால் இசட். 39,200-க்குப் பத்து சதவீதம் 3,920. கணக்கு சரி, வழக்கு இல்லை.

காட்பாடியில் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டில் கணக்கில் வாடகை வாங்குகிறார்கள், ஆஸ்பத்திரிக்கு வருபவர்களுக்கு நாள் கணக்கில் விடுகிறார்கள். அந்த ஊரில் 3,920-க்கு என்ன கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பிரிவைத் தீர்மானிப்பது மக்கள்தொகை, வாடகை நிலவரம் அல்ல. அகவிலைப்படியிலும் இதே கதைதான். அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டின் சராசரியை வைத்து நாடு முழுக்க ஒரே சதவீதம் போடுகிறார்கள். காட்பாடியில் காய்கறி என்ன விலை விற்கிறது என்பது அதற்குத் தெரியாது. சம்பளம் உள்ளூர் விலைவாசிக்கு ஈடு கொடுக்கவில்லை என்றால், அதை நீங்கள் சொல்ல வேண்டிய இடம் ஊதியக் குழு. 8-வது குழு 2025 நவம்பரில் அமைந்திருக்கிறது. அங்கே மனு கொடுங்கள், தவறில்லை. அடுத்த மாத வாடகைக்கு அது உதவாது, அவ்வளவுதான்.

நீதிமன்றம் இதில் கை வைக்காது. வாடகைப்படி உரிமை அல்ல, அரசு வீடு கொடுக்க முடியாததற்கு ஈடாகத் தருவது என்று 1994-லேயே காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணி விவகாரத்தில் பொதுநல வழக்கும் எடுபடாது. போடுவதானால் உங்கள் கணவர்தான் போட வேண்டும், நீங்கள் அல்ல. அதுவும் ராணுவச் சட்டம் 26-வது பிரிவில் முறையிட்டு, அதற்குப் பிறகு சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். இந்த வழக்கை எடுத்து உங்களிடம் ஃபீஸ் வாங்க வக்கீல்கள் கிடைப்பார்கள். நான் வாங்க மாட்டேன்.

இனி பல்லாவரம் சித்தி வீடு. என் அலுவலகத்துக்கு வரும் ராணுவக் குடும்பங்களில் சம்பளம் போதவில்லை என்று வருகிறவர்கள் குறைவு. போதாத சம்பளத்தை இப்படிச் சரிக்கட்டப் போய் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

கொழுந்தனார் சொல்லும் கணக்கைப் பார்ப்போம். 11,760-லிருந்து 3,920 போனால் மாதம் 7,840 கூடுதல், வருடத்துக்கு 94,080. சபலம் வரத்தான் செய்யும். எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது? பொய்யான அறிக்கை கொடுத்துப் படி பெறுவது ராணுவச் சட்டம் 57-வது பிரிவில் குற்றம். அதிகபட்சத் தண்டனை 14 வருடச் சிறை. 14 வருடம் யாரும் கொடுக்கப் போவதில்லை. அதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமும் அல்ல. நான் பயப்படுவது டிஸ்மிஸலுக்கு. டிஸ்சார்ஜ் (பணியிலிருந்து விடுவிப்பது) வேறு, டிஸ்மிஸ் (தண்டனையாகப் பணிநீக்கம் செய்வது) வேறு. 15 வருடம் தாண்டியவர் டிஸ்சார்ஜ் ஆனால் பென்ஷனோடு வீடு வருவார். டிஸ்மிஸ் ஆனவருக்கு, அரசு விதிவிலக்காகக் கருணை காட்டினாலொழிய, பென்ஷனும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை. உங்கள் கணவர் இன்றைக்கே ஓய்வுபெற்றால்கூட, ராணுவச் சேவை ஊதியம் 5,200-ஐயும் சேர்த்துப் பாதியாகப் பார்த்தால் பென்ஷன் 22,200, அதற்கு மேல் அகவிலை நிவாரணம். ஆயுள் முழுக்க வரும் பணம். அவருக்குப் பிறகு உங்களுக்குக் குடும்பப் பென்ஷன். மாதம் 7,840-க்காக இதைப் பந்தயம் வைக்கச் சொல்கிறார் உங்கள் கொழுந்தனார்.

"யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்பார்கள். யாரும் வீட்டுக்கு வரவே வேண்டாம். பிள்ளைகளுக்குக் கல்விப்படி வாங்குகிறீர்கள் அல்லவா? ஆளுக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. அதற்கு வருடா வருடம் பள்ளித் தலைமையாசிரியர் கொடுக்கும் சான்றிதழ் யூனிட்டுக்குப் போகிறது. அதில் காட்பாடிப் பள்ளியின் முத்திரை இருக்கும். குடும்பம் பல்லாவரத்தில், பிள்ளைகள் தினமும் காட்பாடியில் படிக்கிறார்கள் என்று ஒரே மனிதருடைய கோப்பிலேயே இரண்டு தாள்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். கேஸ் இணைப்பு, ஆதார், வங்கிக் கிளை எல்லாம் அதற்கு அடுத்து.

தணிக்கையில் சிக்குவதைவிட மொட்டைக் கடிதத்தில் சிக்குவது அதிகம். என் கட்சிக்காரர் ஒருவர், நாயக் ரேங்கில் இருந்தவர், மூன்று வருடம் இப்படிப் படி வாங்கினார். யூனிட்டுக்குக் கடிதம் போட்டது வேறு யாருமல்ல, வாடகை ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட சொந்த மைத்துனர். இடையில் ஒரு மனைத் தகராறு வந்துவிட்டது. ஒப்பந்த நகலையும் கூடவே வைத்து அனுப்பியிருந்தார். கோர்ட் ஆஃப் என்குயரி (ராணுவ விசாரணை), சம்மரி ஆஃப் எவிடன்ஸ் (சாட்சியப் பதிவு) என்று ஒன்றரை வருடம் இழுத்தது. வாங்கிய பணம் முழுக்கப் பிடித்தம், ரேங்கும் போயிற்று. பென்ஷன் தப்பியது எங்கள் வாதத்தால் அல்ல. அவருடைய பழைய சி.ஓ., அதாவது யூனிட்டின் தலைமை அதிகாரி, ஒரு நல்ல கடிதம் கொடுத்தார்.

அப்போது அந்தக் கட்சிக்காரர் கையில் ஒரு தீர்ப்பு நகலோடு வந்தார். இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றும் பலர் அதே நகலோடுதான் வருகிறார்கள். ரஃபீக் மாசி வழக்கு. கடைநிலை ஊழியருக்குத் தவறுதலாகக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அலுவலகம் தவறாகக் கணக்குப் போட்டுக் கொடுத்த பணத்துக்கு. ஊழியரே பொய் சொல்லி வாங்கிய பணத்தை அந்தத் தீர்ப்பு காப்பாற்றாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் அதன் சுருக்கத்தில் இந்த ஒரு வரி மட்டும் இருக்காது.

உங்களையும் சித்தியையும் ராணுவச் சட்டம் தொடாது. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதா தொடும். ஏமாற்றுதலுக்கு 318, ஏமாற்றும் நோக்கில் போலி ஆவணம் தயாரித்ததற்கு 336. இரண்டிலும் ஏழு வருடம் வரை போகலாம். பாவம், அந்தச் சித்திக்கு இது தெரியுமா?

கணவருக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடியது எஸ்.எஃப். (செபரேட்டட் ஃபேமிலி) குவார்ட்டர்ஸ். அருகில் உள்ள ராணுவ நிலையத்தில் ஃபீல்டில் இருப்பவர் குடும்பத்துக்கு ஒதுக்குவது. விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். காத்திருப்புப் பட்டியல் நீளம்தான். கிடைத்துக் குடியேறும் அன்றே வாடகைப்படியை நிறுத்தச் சொல்லி யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் (சம்பளம், குடும்ப விவர மாற்றங்களைப் பதியும் உத்தரவு) போட்டாக வேண்டும். வீடும் படியும் சேர்ந்து வந்து, "அவர்களே நிறுத்துவார்கள்" என்று சும்மா இருந்து மாட்டியவர்கள் வேறு ஒரு பட்டியல்.

அப்புறம், ஆதங்கத்தில் வீடியோ எடுத்துப் போடுவதும் வேண்டாம். 2017-ல் சாப்பாட்டைப் பற்றி வீடியோ போட்ட எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் அதே வருடம் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

மிஞ்சியது வீட்டுக்காரர். இதில் நான் சமாதானத்தைத்தான் சொல்வேன். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், எழுத்து ஒப்பந்தம் இல்லாததே காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். உங்களிடம் ஒப்பந்தம் இல்லை. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவர் உங்கள் சாமானை வெளியே வைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் வழக்கு என்று போனால் நீங்கள் நிற்பது மணலில். போர்முனையில் இருப்பவருக்காக வழக்கைத் தள்ளிவைக்க 1925-ம் வருடத்துப் படைவீரர் வழக்காடல் சட்டம் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது படைவீரர் தரப்பாக இருக்கும் வழக்குக்கு. வீடு பிடித்தது, அட்வான்ஸ் கொடுத்தது, மாதாமாதம் வாடகை அனுப்புவது எல்லாம் நீங்கள். வீட்டுக்காரர் வழக்குப் போட்டால் உங்கள் மேல்தான் போடுவார்.

அதனால் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். 13,000 கேட்கிறவர் 11,000-க்கு இறங்குவார். மாதாமாதம் தவறாமல் வரும் ராணுவச் சம்பளம் என்பது வீட்டுக்காரர்களுக்கும் பிடித்த விஷயம்தான். மூன்று வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 5 சதவீத உயர்வு, அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். கொடுத்த 50,000 அட்வான்ஸை அதில் தொகையோடு குறிப்பிடச் சொல்லுங்கள். இப்போது அதற்கு உங்களிடம் ஒரு சீட்டுக்கூட இல்லை. இறங்க மறுத்தால், பிள்ளைகளின் பரீட்சை முடியும் வரை அவகாசம் வாங்கிக்கொண்டு சத்துவாச்சாரி பக்கமோ கொஞ்சம் தள்ளியோ வீடு பாருங்கள். எந்தப் பக்கம் போனாலும் அந்த 3,920 வரும்.

ஒன்று கேட்க மறந்தேன். பல்லாவரம் ஒப்பந்தத்தில் நீங்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? போட்டிருந்தால் ஒரிஜினலைக் கொழுந்தனார் கையில் விட்டுவைக்க வேண்டாம். நேரில் போய் வாங்கி வந்து, இந்த வாரத்திலேயே என்னைப் பாருங்கள்.