சிறுநீர் அவசரத்துக்கு நரம்புத் தூண்டல்: கேள்வி பதில்

இடுப்புத்தள பிசியோதெரபி என் வேலை, அதாவது சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகளுக்கான பயிற்சி. வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு வயது 61. வாசலில் சாவி போடும்போதே சொட்டிவிடுகிறது. மாத்திரை போட்டால் வாய் வறள்கிறது. கணுக்காலில் கரண்ட் வைக்கலாம் என்கிறார் டாக்டர். கால் எங்கே, சிறுநீர்ப்பை எங்கே?

இரண்டுக்கும் வேர் ஒன்று, அம்மா. காலின் உட்புறமாக ஓடும் டிபியல் நரம்பும் சிறுநீர்ப்பையின் நரம்புகளும் முதுகெலும்பின் அடியில் ஒரே இடத்தில் சேருகின்றன. கீழே தட்டினால் மேலே அடங்குகிறது.

உள் கணுக்கால் எலும்புக்கு மூன்று விரல்கடை மேலே முடி போன்ற ஊசி ஒன்று. பாதத்தில் ஒட்டும் பட்டை ஒன்று. கரண்டை மெல்ல ஏற்றும்போது கட்டைவிரல் மடங்கும், அல்லது உள்ளங்கால் கூசும். இடம் சரி என்பதற்கு அதுதான் அடையாளம். 30 நிமிடம், வாரம் ஒரு முறை, 12 வாரம். முதல் நாலைந்து வாரம் ஒன்றுமே தெரியாமல் போகலாம். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 220 பேர். நிஜ சிகிச்சை பெற்றவர்களில் 54.5 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், போலி சிகிச்சையில் 20.9. பலன் கிடைத்தால் பிறகு மாதம் ஒரு முறை போல தொடர வேண்டியிருக்கும்.

ஆரம்பிக்கும் முன் மூன்று நாள் டைரி எழுதச் சொல்லுங்கள்: எப்போது, எவ்வளவு குடித்தார், எவ்வளவு போனார்.

தும்மினால் கசிகிறது. எனக்கு?

இது அதற்கல்ல. அதற்கு இடுப்புத்தளப் பயிற்சி.

அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கம், சிறுநீர் முழுசாகப் போவதில்லை.

முதலில் அடைப்பைப் பார்க்க வேண்டும். யூராலஜிஸ்டிடம் போங்கள்.

இது அக்குபஞ்சர்தானே? பேரை மாற்றி விற்கிறார்கள்.

யாரும் மறைக்கவில்லை. 1983இல் யூராலஜிஸ்ட் எட்வர்ட் மக்வயர் கணுக்காலில் கரண்ட் வைத்துப் பார்த்ததே அக்குபஞ்சர் புள்ளியைப் பார்த்துத்தான். ஊசி முறையை வளர்த்தவர் இன்னொரு யூராலஜிஸ்ட், மார்ஷல் ஸ்டோலர்.

அப்படியானால் கரண்ட் எதற்கு, ஊசி போதாதா?

மேலே சொன்ன ஆய்வில் சோதித்தது கரண்டோடு சேர்ந்த ஊசியை. வெறும் ஊசிக்கு அந்த எண்களைக் கடன் வாங்காதீர்கள். அக்குபஞ்சரை நான் குறை சொல்லவில்லை, கேட்பது என் அம்மாவாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

முதுகில் பொருத்தும் கருவி?

அது சேக்ரல் தூண்டல், முதுகெலும்பின் அடியிலிருந்து வரும் எஸ்3 என்ற நரம்புக்கு. அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்தது. முதலில் தற்காலிகக் கம்பி வைத்துப் பார்ப்பார்கள். தொந்தரவு பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரக் கருவி. எம்ஆர்ஐ எடுக்கும் தேவை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆன்லைனில் மெஷின் வாங்கி வீட்டிலேயே வைக்கலாமா?

தோலில் ஒட்டும் பட்டை முறை உண்டு. இடமும் அளவும் ஒருவர் காட்டித் தர வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ தொடவே வேண்டாம்.

எந்த மெஷின் வாங்கலாம்?

மெஷின் அப்புறம். டைரி எழுதினீர்களா? ஒரு அக்கா பழைய அளவு ஜாடியோடு வந்தார். டைரியைத் திறந்தால் ஒவ்வொரு தடவையும் 400 மில்லி, இரவிலும் அப்படியே. நிறைய குடித்து நிறைய போகிறார், அவ்வளவுதான். பை நன்றாகவே பிடிக்கிறது. ரத்தம் பார்த்தோம், சர்க்கரை 300க்கு மேல். 12 வாரமும் கணுக்காலில் கரண்ட் வைத்திருந்தால் சர்க்கரை அப்படியே ஏறிக்கொண்டிருந்திருக்கும்.