காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை: அறையை விட்டு வரலாமா?

கேள்வி: ஃப்ளூ காய்ச்சல் தொடங்கி ஆறு நாளாகிறது. மாடி அறையில் தனியாக இருக்கிறேன். இரண்டு நாளாகக் காய்ச்சல் இல்லை, இருமல் மட்டும் போகவில்லை. மூன்று வயது மகள் கதவைத் தட்டி அழுகிறாள். கீழே மாமியார் இருக்கிறார். 71 வயது, சர்க்கரை நோய் உண்டு. நான் எப்போது வெளியே வரலாம்? மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: அந்த இரண்டு நாளில் பாராசிட்டமால் ஏதாவது போட்டீர்களா? முதலில் இதைச் சொல்லுங்கள். “காய்ச்சலே இல்லை டாக்டர்” என்று வந்து உட்கார்ந்த ஒருவரின் சட்டைப்பையில் பாதி காலியான மாத்திரை அட்டை இருந்தது. கேட்டால், “அது உடம்பு வலிக்கு” என்றார். உடம்பு வலிக்குப் போட்டாலும் அது காய்ச்சலை நாலைந்து மணி நேரம் மறைத்துவிடும். சளிக்கு வாங்கும் மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே கலந்திருக்கிறது. மாத்திரை இல்லாமல் முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் வராமல், உடம்பும் தேறி வந்தால் அறையை விட்டு வரலாம். தெர்மாமீட்டரில் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது காய்ச்சல்தான்.

இருமலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வைரஸ் போன பிறகும் புண்பட்ட மூச்சுக்குழாய் ஆற சில வாரம் ஆகும். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் இருமினால் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

மறு டெஸ்ட் தேவையில்லை. செத்த வைரஸின் மிச்சம்கூடச் சில டெஸ்டுகளில் பாசிட்டிவ் காட்டும். லேசான கொரோனாவுக்கே 2022 ஜனவரியில் மத்திய அரசு சொன்ன கணக்கு, பாசிட்டிவ் வந்து 7 நாள், அதில் கடைசி மூன்று நாள் காய்ச்சல் கூடாது என்பதுதான். மறு டெஸ்ட் கேட்கவில்லை.

சரி, கீழே இறங்கியதும் எல்லாம் பழையபடி என்று நினைக்க வேண்டாம். ஃப்ளூ பெரியவர்களிடமிருந்து ஏழு நாள் வரை பரவலாம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும். அதனால் இன்னும் ஐந்து நாள் மாஸ்க் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், சாப்பாட்டுக்குத் தனியாக உட்காருங்கள். மகளை மாஸ்க்கோடு தாராளமாகத் தூக்கலாம், பாவம் குழந்தை. மாமியாரிடம்தான் கொஞ்சம் தள்ளியே இருக்க வேண்டும். அவருக்குக் காய்ச்சல் கண்டால் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.